படம் மங்கினால் லென்ஸைத் திட்டாதீர்கள்: பறவைப் படங்களில் வரும் கோளாறுகள்

ஞாயிறு காலை பறவை பார்க்கப் போகும் எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். மதியச் சாப்பாடு முடிந்ததும் குழுவில் படங்கள் வர ஆரம்பிக்கும். சாயங்காலத்துக்குள் யாராவது ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிடுவார்: “லென்ஸ் போச்சுன்னு நினைக்கிறேன், எங்க குடுக்கலாம்?” இத்தனை வருடத்தில் உண்மையிலேயே லென்ஸ் போயிருந்தது இரண்டே முறைதான். மற்றதெல்லாம் ஒரு சுவிட்ச், ஒரு கண்ணாடி, இல்லாவிட்டால் வெயில். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் படத்தில் என்ன கோளாறோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

## எதற்கும் முன்னால் இரண்டு நிமிடம்

போன் திரையில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கணினியில் திறந்து 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். முதலில் பறவையின் கண். பிறகு அது உட்கார்ந்திருக்கும் கிளை, முன்னால் நிற்கும் புல், பின்னால் இருக்கும் இலை.

எங்காவது ஓரிடம் கூர்மையாக இருக்கிறதா? அப்படியென்றால் ஃபோகஸ் இடம் மாறியிருக்கிறது. ‘பறவை மங்கல், கிளை தெளிவு’ பகுதியைப் பாருங்கள். எங்குமே கூர்மை இல்லையா? அடுத்த பகுதி. தூரத்துப் பறவை மட்டும் நெளிகிறதா? ‘நெளியும் படம்’. கேமராவில் நன்றாக இருந்து, குழுவில் போட்டதும் கெட்டுவிட்டதா? நேராக ‘கேமராவில் தெளிவு, குழுவில் போட்டதும் மங்கல்’ பகுதிக்குப் போங்கள், கேமராவைத் தொடவே வேண்டாம்.

## படம் முழுக்க மங்கல்

ஷட்டர் வேகம். படத்தின் தகவலைத் திறந்து பாருங்கள். 400 மி.மீ. லென்ஸில் 1/250 என்று இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். கையில் பிடித்து எடுக்கும்போது, லென்ஸின் மி.மீ. எவ்வளவோ அவ்வளவில் ஒரு பங்கு நொடியாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சிறிய) சென்சார் கேமரா என்றால் ஒன்றரை மடங்கு: 400க்கு 1/600. இது கை நடுக்கத்துக்கு மட்டும். பறவையின் அசைவுக்குத் தனிக் கணக்கு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் மாங்குயிலுக்கு 1/800 போதும். பறக்கும் நாரைக்கு 1/1600 வையுங்கள். பூவின் முன்னால் படபடக்கும் தேன்சிட்டுக்கு 1/3200 கூடச் சில சமயம் போதாது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டும் உணர்திறன்) ஏறுகிறதே என்று பயப்படாதீர்கள். பொடிப்பொடியாக வந்த படத்தை மென்பொருளில் ஓரளவு துடைத்துவிடலாம். ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஆட்டமா, ஃபோகஸா என்று சந்தேகமாக இருந்தால் பறவையின் கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளியைப் பாருங்கள். புள்ளி கோடாக இழுபட்டிருந்தால் ஆட்டம். உருண்டையாகவே பரவியிருந்தால் ஃபோகஸ்.

நடுக்கம் தடுக்கும் சுவிட்ச். பட்டனைப் பாதி அழுத்தியதும் அந்த அமைப்பு நிலைக்கு வர அரை நொடி போல ஆகும். அதற்குள் முழுக்க அழுத்தினால் முதல் படம் ஆடும். முக்காலியில் வைத்தால் பழைய லென்ஸ்களில் அதை அணைத்துவிடுங்கள். ஆடாத இடத்தில் ஆட்டத்தைத் தேடி அதுவே ஆடும்.

முன்னால் மாட்டிய ஃபில்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் நண்பர் ஒருவர் 150-600 லென்ஸைப் பழையதாக வாங்கினார். மூன்று ஞாயிறு தொடர்ந்து எல்லாப் படமும் சோப்புத் தண்ணீர் வழியாகப் பார்த்த மாதிரியே இருந்தது. விற்றவரைத் திட்டினார், தன் கையைத் திட்டினார், கடைசியில் சர்வீஸுக்குக் கொடுக்க முடிவு செய்தார். நான்காம் ஞாயிறு பள்ளிக்கரணையில் சாலையோரம் நிற்கிறோம். முப்பது அடி தூரத்தில் ஒரு நீலத் தாழைக்கோழி சம்பு வேரைக் காலால் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. லென்ஸை வாங்கிப் பார்த்தேன். முன்னால் ஒரு யூவி ஃபில்டர், பெயர் கேள்விப்படாத தயாரிப்பு. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “இப்ப எடுங்க” என்றேன். அடுத்த படத்தில் நெற்றியின் சிவப்புக் கவசத்தில் காய்ந்து ஒட்டியிருந்த சேறு தெரிந்தது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

சின்ன லென்ஸில் மலிவான ஃபில்டர் பெரிதாகத் தொந்தரவு தராது. 400 மி.மீ.க்கு மேல் போனால் படத்தைக் கெடுக்கும். பாதுகாப்புக்குத்தான் என்றால் ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் குழல் போன்ற மறைப்பு) மாட்டுங்கள். கிளை உரசுவதை அது தடுக்கும்.

பேப்பர் சோதனை. மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தும் மங்கலா? வீட்டுச் சுவரில் செய்தித்தாள் ஒன்றைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். பத்து, பதினைந்து மீட்டர் தள்ளி, கேமராவை முக்காலியிலோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அரிசிப் பை போட்டு அதன் மேலோ வையுங்கள். பேப்பருக்கு நேர் எதிரே இருக்க வேண்டும், சாய்ந்திருக்கக் கூடாது. டைமர் போட்டு இரண்டு படம்: ஒன்று கண்ணாடித் துளை வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்தது, இன்னொன்று பின்திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்தது.

இரண்டிலும் எழுத்து தெளிவு என்றால் லென்ஸில் குறையில்லை. களத்தில் உங்கள் வேகமோ கையோதான் காரணம். திரையில் பார்த்தது தெளிவு, துளையில் பார்த்தது மங்கல் என்றால், டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த) கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஃபோகஸ் கணக்கு ஒத்துப்போகவில்லை. பல கேமராக்களில் இதை மெனுவிலேயே ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாகச் சரிசெய்யலாம். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் பொதுவாக இந்தத் தொல்லை வராது. சென்சாரை வைத்தே ஃபோகஸ் செய்கிறது.

கடைக்குப் போக வேண்டிய நேரம்: இரண்டுமே மங்கல், அல்லது பேப்பரின் இடது பக்கம் தெளிவு, வலது பக்கம் கரைந்திருக்கிறது என்றால். பெரும்பாலும் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கும். அதை வீட்டில் திறக்காதீர்கள்.

## பறவை மங்கல், கிளை தெளிவு

கேமரா தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, நீங்கள் சொன்ன இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஃபோகஸ் பரப்பு பெரிதாக இருந்தால், எது பக்கத்தில் இருக்கிறதோ, எதில் கோடுகள் தெளிவோ அதைப் பிடித்துக்கொள்ளும். புதருக்குள் இருக்கும் கதிர்க்குருவிக்கு ஒற்றைப் புள்ளி. வெறும் வானத்தில் பறக்கும் ஆலாவுக்குப் பெரிய பரப்பு. இதைத் தலைகீழாக வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுகிறவர்கள்தான் அதிகம். புதுக் கேமராக்களில் பறவையின் கண்ணையே தேடும் வசதி வந்துவிட்டது. நன்றாக வேலை செய்கிறது. ஆனால் முன்னால் நாணல் ஆடினால் அதுவும் ஏமாறும்.

அடுத்தது ஃபோகஸ் முறை. ஒருமுறை பூட்டிவிட்டு நிற்கும் முறையில் இருந்தால், நீங்கள் பூட்டிய பிறகு பறவை ஓரடி நகர்ந்தாலும் போச்சு. கேனானில் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. பறவைக்கு எப்போதும் இதிலேயே வைத்துவிடுங்கள்.

டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி, படத்தைப் பெரிதாக்கும் துண்டு) மாட்டியிருக்கிறீர்களா? 1.4 மடங்கு ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). பல பழைய டிஎஸ்எல்ஆர்களில் எஃப் எண் (கூடினால் லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறையும்) 5.6க்கு மேலும், இன்னும் சிலதில் எஃப் 8க்கு மேலும் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, பிடிப்பதே இல்லை

லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் தூரச் சுவிட்சைப் பாருங்கள். சில லென்ஸில் 3 மீட்டருக்கு அப்பால், சிலதில் 10 மீட்டருக்கு அப்பால் என்று இருக்கும். பையில் வைக்கும்போதே அது நகர்ந்துவிடும். கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள், வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். தலைக்கு மேலே இருக்கும். அங்கே நின்றுகொண்டு “பிடிக்க மாட்டேங்குது” என்று ஒருவர் கேமராவைத் தட்டிக்கொண்டே இருந்தார். சுவிட்ச் 10 மீட்டரில் இருந்தது.

அதுவும் சரியென்றால், ஆட்டோ-மேனுவல் சுவிட்ச். சிரிக்காதீர்கள், எனக்கே நடந்திருக்கிறது.

பிறகு லென்ஸும் கேமராவும் சேரும் இடத்தில் உள்ள பொன்னிறப் புள்ளிகள். லென்ஸோடு தொடர்பு சரியில்லை என்று கேமரா செய்தி காட்டினால் பெரும்பாலும் அழுக்குதான். கேமராவை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு துளி தொட்டு லென்ஸின் பக்கத்தைத் துடையுங்கள். வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைப்பது வேண்டாம்.

துடைத்தும் அதே செய்தி, அல்லது ஃபோகஸ் செய்யும்போது கரகரவென்று சத்தம், அல்லது நடுவில் சிக்கி நிற்கிறது: மோட்டாரோ உள்ளே ஓடும் கேபிளோ. கடை.

## நெளியும் படம்: தண்ணீருக்குள் இருந்து எடுத்த மாதிரி

கானல்தான். பழவேற்காட்டிலோ கோடியக்கரை உப்பளத்திலோ பூநாரைக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு மேல் எடுத்தவர்கள் எல்லோரிடமும் இந்தப் படம் இருக்கும். சுட்ட மண்ணிலிருந்து எழும் காற்றில் வெளிச்சம் வளைந்து வருகிறது. எந்த விலை லென்ஸும் இதைத் தடுக்காது. விலை அதிகமான நீள லென்ஸ் இன்னும் பெரிதாகக் காட்டும், அவ்வளவே.

சோதனை எளிது. பத்துப் படம் வரிசையாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் கழுத்தின் ஓரம் வேறு வேறு வடிவத்தில் வளைந்திருந்தால் கானல். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மங்கல் என்றால் மேலே உள்ள பேப்பர் சோதனைக்குப் போங்கள்.

கார் ஜன்னல் வழியாக எடுப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். உள்ளே ஏசி, வெளியே வெயில். ஜன்னலை இறக்கிய உடனே எடுத்தால் இரண்டு காற்றும் கலக்கும் இடம் உங்கள் லென்ஸுக்கு நேர் எதிரே. ஏசியையும் எஞ்சினையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். கார் பானட்டின் மேலாகவும் எடுக்காதீர்கள். மற்றபடி மருந்து ஒன்றுதான்: விடிவதற்கு முன் போய்ச் சேருவது.

## கொக்கு வெறும் வெள்ளைக் காகிதம், காகம் வெறும் கரி

வேடந்தாங்கலில் இருண்ட மரத்தின் முன்னால் சின்னக் கொக்கு. கேமரா மரத்தைப் பார்த்து “இருட்டு” என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கின் இறகு கரைந்துபோகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். இதற்கு நேர் எதிர், வெளுத்த வானத்தில் செம்பருந்து: கேமரா வானத்தைப் பார்த்துக் குறைக்கும், பருந்து நிழலுருவமாகும். ஒன்று, ஒன்றரை கூட்டுங்கள்.

அதிக வெளிச்சம் பட்ட இடம் திரையில் கண்சிமிட்டும் வசதியை மெனுவில் போட்டுவையுங்கள். கொக்கின் முதுகு சிமிட்டினால் இன்னும் குறைக்க வேண்டும். ரா கோப்பாக (சென்சார் பதிந்தது அப்படியே) எடுத்தால் இருண்டதை ஓரளவு மீட்கலாம். முழுக்க வெளுத்ததை மீட்க முடியாது. இதில் கடைக்குப் போக எதுவுமே இல்லை.

## பறக்கும் பறவையின் சிறகு ரப்பர் போல வளைந்திருக்கிறது

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருக்கிறீர்கள். சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கும். அதற்குள் சிறகு நகர்ந்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். கூட்டின் அருகில் சத்தம் கூடாது என்று தோன்றினால், மாற்ற வேண்டியது ஷட்டரை அல்ல, நிற்கும் இடத்தை. தள்ளி நில்லுங்கள்.

## வானத்தில் கரும்புள்ளிகள், எல்லாப் படத்திலும் அதே இடத்தில்

சென்சாரில் தூசி. எஃப் 16க்கு வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள், புள்ளிகள் பளிச்சென்று தெரியும். லென்ஸை மாற்றிப் போட்டு இன்னொன்று எடுங்கள். புள்ளி அதே இடத்தில் இருந்தால் சென்சார்தான்.

முதலில் மெனுவில் உள்ள தானாகச் சுத்தம் செய்யும் வசதி. பிறகு ரப்பர் ஊதி: கேமரா வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, சென்சார் சுத்தம் செய்யும் முறையில் வைத்து, முனை உள்ளே படாமல் நாலைந்து தடவை. அழுத்தக் காற்று டப்பா வேண்டாம். அதில் இருக்கும் திரவம் தெறித்து ஒட்டும். ஊதியும் போகவில்லையென்றால் எண்ணெயோ பிசுக்கோ ஒட்டியிருக்கிறது. திரவம் தொட்டுத் துடைப்பதைக் கற்றவர் செய்யட்டும். ஒரு கீறல் விழுந்தால் சென்சாரையே மாற்ற வேண்டி வரும்.

## லென்ஸுக்குள் பனி, லென்ஸுக்குள் நூல்

இரண்டும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஏசி அறையிலிருந்து விடியற்காலை ஏரிக்கரைக்கு வந்ததும் கண்ணாடி முழுக்க மூடிக்கொண்டால் அது பனி. துடைக்கத் துடைக்க மறுபடி வரும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுப் பிறகு திறந்தால் வராது. முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் மட்டும் என்றால் கவலை இல்லை. உள் கண்ணாடிகளில் படிந்து, ஒரு நாளாகியும் போகவில்லையென்றால் கடை.

சிலந்திவலை போல நூல்நூலாக, கிளை விட்டிருந்தால் பூஞ்சை. பார்க்கும் முறை: லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கம் இருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள்.

என் பழைய 300 மி.மீ. இப்படித்தான் போனது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மாதம் எங்கும் போகவில்லை. தோல் உறையோடு பீரோவில் வைத்திருந்தேன். மார்கழியில் எடுத்துப் பார்த்தால் இரண்டாவது கண்ணாடியின் ஓரத்தில் நகக்கண் அளவு வெள்ளை நூல். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சைக்கு அதுவே சோறு. ஆரம்பத்தில் கொடுத்தால் திறந்து துடைத்துத் தருவார்கள். விட்டுவைத்தால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு இருக்கும். வெயிலில் காயவைத்தால் போய்விடும் என்பார்கள். வளர்வது நிற்கலாம், அரித்தது திரும்பாது.

தடுக்க, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதம் நல்லது. நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் சூடாக்கி உலர்த்த வேண்டும். அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள், மாவுத்தூள் உள்ளே போகும்.

உப்புத் தண்ணீரில் விழுந்தால் பேட்டரியை உடனே கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காதீர்கள். அன்றைக்கே கடை, நாளைக்கு என்றால் உப்பு முந்திக்கொள்ளும்.

## கார்டு பிழை, படங்கள் காணோம்

கார்டின் பக்கத்தில் உள்ள பூட்டு நகர்ந்திருக்கிறதா பாருங்கள். எடுத்து மறுபடி செருகுங்கள். வேறு கார்டு போட்டால் கேமரா வேலை செய்கிறதா?

படங்கள் போய்விட்டன என்றால் அந்தக் கார்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள், ஃபார்மேட் செய்யவும் கூடாது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் மீட்டுத் தரும். மீட்டதை வேறு இடத்தில் சேமியுங்கள். முதல் சில நூறு படங்கள் நன்றாக இருந்து, அதற்கு மேல் எல்லாம் உடைந்திருந்தால் கொள்ளளவு பொய்யாக எழுதிய போலிக் கார்டாக இருக்கலாம். கணினியே கார்டை அடையாளம் காணவில்லை, படமும் முக்கியம் என்றால் மட்டும் தரவு மீட்பவரிடம் போங்கள். செலவு அதிகம், என்ன இருந்தது என்று யோசித்துவிட்டுப் போகலாம்.

## கேமராவில் தெளிவு, குழுவில் போட்டதும் மங்கல்

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். எச்டி என்பதை அழுத்தினால் கொஞ்சம் தேறும். அசல் அப்படியே போக வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள்.

அப்படியும் மங்கலா? எவ்வளவு வெட்டினீர்கள் என்று பாருங்கள். 6000க்கு 4000 என்றால் 2.4 கோடிப் புள்ளி. அகலத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் இருக்கும் பறவையை வெட்டி எடுத்தால் 600க்கு 400, அதாவது 2.4 லட்சம். நூறில் ஒன்றுதான் மிச்சம். அடையாளம் காண அது போதும். சுவரில் மாட்டக் கேட்காதீர்கள்.

மங்கல் இல்லை, ஆனால் பஞ்சுருட்டானின் பச்சை வெளிறிப்போனது என்றால், கேமராவில் நிற அமைப்பு அடோபி ஆர்ஜிபியில் இருக்கும். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி மறுபடி சேமியுங்கள்.

டாக்குமென்டாக அனுப்புவதில் ஒரு ஆபத்தும் உண்டு. படமாக அனுப்பினால் உள்ளிருக்கும் தகவல்கள் உதிர்ந்துவிடும். டாக்குமென்டில் எல்லாம் அப்படியே போகும், எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் உட்பட. போனில் எடுத்த ஆந்தைக் கூட்டின் படத்தை நண்பர் ஒருவர் இப்படி அனுப்ப, அது மூன்று குழு தாண்டிப் போனது. அடுத்த ஞாயிறு அந்த மரத்தடியில் பதினோரு பேர், இரண்டு பேர் கையில் ஃபிளாஷ். கூட்டையும் ஆந்தையையும் எடுக்கும்போது போன் கேமராவில் இடம் பதிவதை அணைத்துவிடுங்கள்.

## படத்தின் நேரமும் இ-பேர்ட் பட்டியலும் ஒத்துவரவில்லை

பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்ட் தளத்தில் நீங்கள் போட்ட நேரமும் படத்தின் நேரமும் வேறாக இருந்தால் கேமரா கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரியைப் பல மாதம் கழற்றி வைத்திருந்தால் அது அழிந்துவிடும். சரியாக 12 மணி நேரம் தள்ளியிருந்தால் காலை மாலை மாறியிருக்கிறது. ஐந்தரை மணி நேரம் என்றால் நேர மண்டலம்.

எடுத்த படங்களைத் தூக்கிப் போட வேண்டாம். கடிகாரத்தைத் திருத்துவதற்கு முன்பே, நொடி காட்டும் போன் கடிகாரத்தை அந்தக் கேமராவில் ஒரு படம் எடுங்கள். படத்தில் தெரியும் நேரத்துக்கும் கேமரா பதிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை லைட்ரூம், டிஜிகாம் போன்ற மென்பொருளில் எல்லாப் படத்துக்கும் மொத்தமாகச் சேர்த்துவிடலாம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு முந்தின இரவு எங்கள் ஏழு பேரும் ஒரே போனை நடுவில் வைத்துச் சுற்றி நின்று படம் எடுப்போம். பார்க்கிறவர்கள் ஏதோ பூசை என்று நினைப்பார்கள்.

## கடைக்கே போக வேண்டியதாகிவிட்டால்

பேப்பர் சோதனையின் இரண்டு படத்தையும் கொண்டுபோங்கள். “சரியா வரல” என்று வாயால் சொல்வதைவிட அது வேகமாக வேலை செய்யும். வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் கோளாறை எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு ஆகும் என்று கேட்டு, நீங்கள் சரி சொன்ன பிறகே திறக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஃபில்டர், ஹுட், வார், பேட்டரி எல்லாம் கழற்றிவிட்டுக் கொடுங்கள். கார்டையும்தான். நான் ஒருமுறை கார்டோடு கொடுத்துவிட்டு, நீளவால் இலைக்கோழியின் குஞ்சு தாமரை இலையில் நடக்கும் படத்துக்காகப் பதினெட்டு நாள் காத்திருந்தேன்.